புள்ளியை நம்பாத அண்ணி

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன முதல் மாதத்தில் ஒரு நாள், அவன் ஏரிக்கு நடுவில் இருப்பதாக என் ஃபோன் சொன்னது. தையல் மெஷின் ரிப்பேருக்குப் போனவன் மூன்று மணி நேரமாக ஃபோனை எடுக்கவில்லை. நான் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அம்மாவிடம் காட்டிவிட்டேன். கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி, தண்ணீருக்கு மேல் ஒரு நீலப் புள்ளி. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் அதற்குள் பைக் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இருபது நாள்கூட ஆகாத அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஃபோனை வாங்கினார். புள்ளியை அவர் பார்க்கவேயில்லை. இரண்டு விரலால் படத்தைச் சுருக்கிக்கொண்டே போனார். சுருக்கச் சுருக்க, புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. ஏரி, அதன் கரைச் சாலை, அந்தப் பக்கத்து ஆயத்த ஆடைக் கம்பெனி, நாலைந்து தெருக்கள் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன.

"அத்தை, இந்தப் புள்ளி இருக்கே, இது ஃபோனோட ஊகம். வட்டம்தான் நிஜம். 'இதுக்குள்ள எங்கேயோ இருக்கார், அதுக்கு மேல எனக்குத் தெரியாது'ன்னு ஃபோனே ஒத்துக்குது. எங்கேயாவது ஒரு புள்ளி வைக்கணுமேன்னு நடுவுல வச்சிருக்கு. புள்ளிதான் ஏரியில விழுந்துருக்கு, அவர் விழல."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் அண்ணன் கையெல்லாம் மெஷின் மசையோடு வந்து, கம்பெனிக்காரன் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, ஏன் எல்லாரும் தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டான். அன்று முதல் அவன் அண்ணிக்கு வைத்த பெயர் 'வட்டம்'. "வட்டம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவான்.

அண்ணி வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். அவர் சொல்லித்தான் விண்ணப்பம் போட்டேன், அவர் சிபாரிசில் சேரவில்லை. இதை நான் பலமுறை பலரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், தொழிலும் அவசரத் தொழில். இரண்டும் சேர்ந்த ஒருவனை ஒன்பது வருடமாக ஒழுங்காக வீடு கொண்டு சேர்த்தது என் காதில் ஒலித்த அண்ணியின் குரல்தான்.

வீட்டில் அவர் என்னைத் தம்பி என்பார், நீ வா போ என்பார். வயர்லெஸ்ஸில் நான் 'வண்டி ஏழு'. "வண்டி ஏழு, எங்க இருக்கீங்க?" என்று அவர் மரியாதையாகக் கேட்கும்போது முதல் மாதம் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் வயர்லெஸ்ஸில் வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டேன். பதில் வரவில்லை. 'கட்டுப்பாடு' என்று கூப்பிட்டபிறகுதான் வந்தது. அன்று மாலை வீட்டில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கே இருபது வண்டியும் தனக்கு ஒன்றுதான் என்று மட்டும் சொன்னார்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மாடியில், முன்பு பழைய பைல்கள் கிடந்த அறை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட். எட்டு மேஜை, ஒவ்வொன்றிலும் இரண்டு திரை. அண்ணியின் நாற்காலியில் ஒரு கைப்பிடி கிடையாது; அவரே கழற்றச் சொன்னார், முழங்கை இடிக்கிறதாம். காதில் மாட்டும் கருவியின் பஞ்சு உறை தேய்ந்துபோக, வீட்டிலிருந்து பழைய பனியன் துணியை வெட்டித் தைத்து மாட்டியிருந்தார். அழைப்பு வந்ததும் இடது திரையில் பேச்சு விவரம், வலது திரையில் வரைபடம். அழைப்பவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய ஃபோன் தன் இடத்தைத் தானாக அனுப்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் புள்ளியைப் பார்த்து வண்டி அனுப்புவார்கள். அண்ணி முதலில் வட்டத்தை அளப்பார்.

வட்டம் பெரிதாக இருந்தால் அவர் கேட்கும் கேள்விகளே வேறு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டார். பதறிக்கொண்டிருப்பவனுக்குத் தன் தெருப் பெயரே மறந்துபோகும். எதிரே என்ன தெரிகிறது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கடைசியாக எந்தக் கடையைத் தாண்டினீர்கள் என்று கேட்பார். ஒரு தடவை நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரியை, தூரத்துப் புகைபோக்கியில் எத்தனை வெள்ளைப் பட்டை தெரிகிறது என்று எண்ணச் சொல்லியே கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் போய் நின்றபோது லாரிக்காரர், அந்தம்மா இதே ஊர்க்காரரா என்று கேட்டார். அண்ணி அந்தச் சாலைப் பக்கம் போனதே கிடையாது.

எங்கள் மாடியில் ஒரு குடும்பத்தையே அவர் காப்பாற்றிய கதையும் உண்டு. எதிர் போர்ஷன் அக்கா ஒருநாள் கண் சிவந்து வந்தார். அவர் வீட்டுக்காரர் மதியம் ஆபீசில்தான் இருந்தேன் என்கிறார். ஃபோன் அவரை ஆபீஸ் தெருவின் எதிர்ப்புறம் இருக்கும் தங்கும் விடுதியில் காட்டுகிறது. ஒரு நாள் இல்லை, நாலு நாள். வீட்டுக்காரர் பக்கம் சத்தியம், அக்கா பக்கம் கண்ணீர். எனக்கு என்னவோ அந்த ஆள் மேல் சந்தேகம்தான், இப்போதும் முழுசாகப் போகவில்லை.

அண்ணி அந்த அக்காவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. மேலே இருக்கும் சாட்டிலைட் எதுவும் நம்மைப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு மணி சொல்லிக்கொண்டே சுற்றுகிறது, அவ்வளவுதான். இத்தனை மணிக்குப் புறப்பட்ட சேதி இத்தனை மணிக்கு வந்தது, அப்படியானால் இவ்வளவு தூரம் என்று ஃபோன்தான் கணக்குப் போடுகிறது. நாலு சாட்டிலைட்டாவது கிடைத்தால் இடம் அகப்படும். வெட்டவெளியில் நாலைந்து மீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சேதி நேராக வராது, எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் மோதிச் சுற்றிக்கொண்டு வரும். ஒரு விநாடியைக் கோடியாக உடைத்து, அதில் ஒன்றிரண்டு துண்டு தாமதமானால் போதும், ஃபோன் உங்களைத் தெருவைத் தாண்டி நிறுத்திவிடும்.

"உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் எதிர்ல கண்ணாடிக் கட்டடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்த விடுதியே கண்ணாடிக் கட்டடம்தான். மறுநாள் அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், ஆபீஸ் வாசலில் நிறுத்தி, அவர் ஃபோனையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். அக்காவின் புள்ளியும் நகர்ந்து விடுதிக்குள் போய் உட்கார்ந்ததாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் வாயால் சொல்கிறோம். அண்ணி அதற்காக இரண்டு பஸ் மாறிப் போனார்.

இவ்வளவு சொல்வது எதற்கென்றால், யானைக்கும் அடி சறுக்கும் என்பதைச் சொல்வதற்கு முன், அது யானைதான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று காலை பத்தே முக்காலுக்கு ஒரு அழைப்பு. பேச்சில்லை. மூச்சு வாங்கும் சத்தம், நடுவில் வாய் குழறியதுபோல் ஏதோ ஒலி. பக்கவாதம் என்று அண்ணிக்கு அந்த ஒலியிலேயே தெரிந்துவிட்டது. திரையில் வந்த வட்டம் சின்ன வட்டம், இருபது மீட்டர். ஒரே ஒரு வீட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. சிம் வாங்கியபோது கொடுத்த முகவரியும் அதே வீடு. இதைவிட உறுதி என்ன வேண்டும்? என் வண்டிதான் பக்கத்தில் இருந்தது. ஆறாவது நிமிடம் நான் அந்த வாசலில் நின்றேன். அண்ணி அங்கே ஃபோனில், வண்டி வந்துகொண்டே இருக்கிறது ஐயா, தைரியமாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மா கையில் ஈரத் துணியோடு நின்றார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை என்றார். நானும் நர்ஸும் உள்ளே போய் அறை அறையாகப் பார்த்தோம். கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த வாரத்தில் எனக்கு அது மூன்றாவது வெற்று அழைப்பு. கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் என்ன விளையாட்டுச் சாமானா என்று அந்த அம்மாவிடமே கத்த ஆரம்பித்தேன். அவரும் விடவில்லை. நாங்கள் குடிவந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது, முன்னால் இருந்தவர்கள் யாரோ என்னவோ, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்றார். அது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் வயர்லெஸ்ஸில் நான் சொன்னது, "நோயாளி இல்லை, போலி அழைப்பு" என்பது மட்டும்தான். சொல்லிவிட்டு மறுபடி அந்த அம்மாவோடு சண்டைக்குப் போனேன். நாலு நிமிடம் அதில் போயிற்று. வயர்லெஸ் பொத்தானில் என் விரல் அழுந்தியே இருந்தது எனக்குத் தெரியாது.

கட்டுப்பாட்டு அறையில் நடந்ததைப் பிற்பாடு பதிவில் கேட்டேன். சூப்பர்வைசர் வந்து அண்ணியின் பின்னால் நின்றிருக்கிறார். வண்டி போய் நோயாளி இல்லை, அழைப்பவர் பேசவும் இல்லை என்றால், அழைப்பை மூடிவிட வேண்டும் என்பது விதி. வரிசையில் வேறு ஐந்து பேர் காத்திருந்தார்கள். மூடுங்கள் என்றார். அண்ணி, இவர் மூச்சு விடுகிறார் சார் என்றார். அப்போதுதான் என் கத்தலுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மாவின் குரல் அவர் காதில் விழுந்தது. குடிவந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது என்று அவர் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி இன்னொரு வட்டத்தைத் திறந்தார்.

எல்லா அழைப்புக்கும் இரண்டு வட்டம் வரும். ஒன்று ஃபோன் தானே அனுப்புவது. மற்றது, எந்த செல்ஃபோன் கோபுரம் வழியாக அழைப்பு வந்தது என்பதை வைத்துப் போடுவது. கோபுர வட்டம் பெரிதாக, ஒன்றுக்கும் உதவாததாக இருக்கும், ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். அதனால் சின்ன வட்டம் வந்துவிட்டால் பெரியதைத் திரையிலிருந்து மூடிவிடுவது அண்ணியின் பழக்கம். புள்ளியை நம்பாதவர் சின்ன வட்டத்தை நம்பினார். வட்டத்தைக்கூடச் சத்தியமாக நம்பக்கூடாது, மூன்று தடவையில் ஒரு தடவை ஆள் அதற்கு வெளியே இருப்பார் என்று எங்களுக்கு ஓயாமல் சொன்னவரும் அவரேதான். இப்போது திறந்து பார்த்தால் பெரிய வட்டம் ஊரின் மறுகோடியில் கிடந்தது. சின்ன வட்டமும் அதுவும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை.

வீட்டுக்குள் இருக்கும் ஃபோனுக்குச் சாட்டிலைட் சரியாகக் கேட்காது. அப்போது அது அக்கம்பக்கத்தில் இருக்கும் வைஃபை பெட்டிகளைப் பார்க்கும். இந்தப் பெட்டி இந்த வீட்டில் இருக்கிறது என்று எங்கோ ஒரு பட்டியல் உண்டு. அதைக் கேட்டுத் தன் இடத்தைச் சொல்லும். பட்டியல் சரியென்றால் இடமும் சரி. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டில் மாட்டினால், பட்டியலுக்கு அது உடனே தெரியாது. பெட்டி புது வீட்டில் இருக்கும், ஃபோன் தன்னைப் பழைய வீட்டில் இருப்பதாகச் சொல்லும், அதுவும் இருபது மீட்டர் உறுதியோடு.

"ஐயா, நான் சொல்றது கேக்குதா? கேட்டா ஃபோனை ஒரு தட்டு தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தட்டு" என்றார் அண்ணி.

ஒரு தட்டு கேட்டது.

சமீபத்தில் வீடு மாறினீர்களா என்றார். ஒரு தட்டு. வீட்டில் வேறு யாராவது? இரண்டு தட்டு. வட்டம் மாடியைச் சொல்லாது. அதனால் எத்தனையாவது மாடியோ அத்தனை தட்டு என்றார். மூன்று. அழைப்பு வந்து அதற்குள் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. என் வண்டியை மறுகோடிக்குத் திருப்பிவிட்டார். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நூறு தெரு, ஆயிரம் மூன்றாம் மாடி.

தட்டுகளை வைத்தே, அவர் தரையில் கிடக்கிறார், இடது கைதான் அசைகிறது, பால்கனிக் கதவு திறந்திருக்கிறது, அது அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அண்ணி தெரிந்துகொண்டார். வானம் தெரிகிற இடத்துக்கு அந்த ஃபோன் போனால் சாட்டிலைட் கேட்கும், வட்டம் நகர்ந்து வரும். போக வேண்டுமானால் அவர் அதைத் தரையோடு தரையாகத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அவர் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

பதிவில் அந்த இடத்தை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

"ஐயா, ஃபோனை பால்கனிக்குத் தள்ளி விடுங்க. பலமா."

இரண்டு தட்டு.

"அதுக்கப்புறம் நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. எனக்குத் தெரியும். பயமா இருக்கும். ஆனா இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியல ஐயா. உங்களைத் தேடி வந்தவங்க வேற வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாங்க. அது என் தப்பு. ஃபோனைத் தள்ளினீங்கன்னா நான் கண்டுபிடிச்சுடுவேன். நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கமாட்டேன்."

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தரையில் ஏதோ உரசி ஓடும் சத்தம், கதவுச் சட்டத்தில் மோதி நிற்கும் சத்தம், அதற்குப் பிறகு காற்று, எங்கோ ஒரு ஹாரன். வட்டம் முதலில் பழைய வீட்டிலேயே முரண்டு பிடித்தது. சட்டென்று எழுந்து ஊரைத் தாண்டிப் போய் எண்ணூறு மீட்டராக விழுந்தது. பிறகு நூற்றைம்பது. நாற்பது. ஒன்பது. இந்தத் தடவை அது பெரிய வட்டத்துக்கு உள்ளே இருந்தது.

எனக்கு வழி வந்தது. வழக்கமாகத் தெருமுனையில் சைரனை அணைத்துவிடுவோம், குடியிருப்புப் பகுதியில் அதுதான் ஒழுங்கு. நான் அணைக்கக் கை வைத்தபோது காதில் அண்ணியின் குரல்.

"சைரனை அணைக்காதே தம்பி. வாசல் வரைக்கும் அடிச்சுக்கிட்டே போ. அவருக்கு இப்ப என் குரல் கேக்காது, உன் சத்தமாவது கேக்கட்டும்."

ஒன்பது வருடத்தில் வயர்லெஸ்ஸில் அவர் என்னைத் தம்பி என்றது அன்று ஒருதடவைதான். மூன்றாம் மாடியில் இரண்டு கதவு. ஒன்றின் முன்னால் காலைப் பேப்பர் எடுக்காமல் கிடந்தது. தோளால் மூன்று இடி. அவர் கண்ணைத் திறந்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி கிடந்தார். லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர் என்று பிறகு தெரிந்தது, நல்ல கனம். தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரி சேர்த்தபோது ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுக்கும் நேரம் தாண்டவில்லை.

இதோடு நிறுத்தினால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவருடைய மகள் வேலையிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அதற்குள் பெட்டி விஷயத்தை வயர்லெஸ்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். இரைக்க இரைக்க நின்ற அந்தப் பெண்ணிடம், வீடு மாற்றுகிறவர்கள் அந்தப் பெட்டியை ஏன் தூக்கி வந்தீர்கள், அதுதான் எங்களை ஊர் சுற்ற வைத்தது என்று கத்திவிட்டேன். நான் அதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னேன். அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பிறகு மறுபடி சாப்பிட்டார்.

அந்தப் பெரியவர் பிழைத்தார். பேச்சு திரும்பியது, மெதுவாக. வலது கை முழுசாகத் திரும்பவில்லை. ஆபீசில் தயாரித்த அறிக்கையில் 'கருவிக் கோளாறு' என்று போட்டு, அண்ணியைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அண்ணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தானே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர், எதற்கம்மா வீண்வம்பு என்று கேட்டாராம். என் அண்ணனும் அதையேதான் கேட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டும், பைக்கை எடு என்றார் அண்ணி. நன்றி வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். மூன்றாம் மாடியில் நான் உடைத்த கதவுக்குப் புதுப் பூட்டு. பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பாதி சிரித்தது.

அண்ணி உட்காரவேயில்லை. உங்கள் பழைய வீட்டுக்கு வண்டி அனுப்பியது நான், இன்னொரு வட்டம் சரியாகச் சொன்னது, நான் அதை மூடி வைத்திருந்தேன், பதினோரு நிமிடம் போய்விட்டது என்று நின்றபடியே சொல்லி முடித்தார். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"நான்... தள்ளின பிறகும்... நீங்க பேசிட்டே இருந்தீங்க."

"உங்களுக்குக் கேட்டுதா ஐயா?"

"வார்த்தை கேக்கல. சத்தம் கேட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது நிக்கல."

அண்ணி பேசியதும் பதிவில் இருக்கிறது. ஏழு நிமிடம், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே, இருக்கேன் ஐயா, இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது மகள் மாடிப்படி வரை வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அண்ணியிடம், அப்பா அந்தப் பெட்டி வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் காசு எதற்கு வீணாக என்று தூக்கிவந்து மாட்டினேன் என்றார். இரண்டு மாதமாக அப்பாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறதாம். அழாமல்தான் சொன்னார். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவர் எழுதிய அறிக்கையின் நகல். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து படித்தார். அவருக்கும் இரண்டு படி கீழே அண்ணி உட்கார்ந்தார்.

"எல்லா வீட்லயும்தான் பெட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க. அதைத் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது நான். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான். அந்தப் பதினோரு நிமிஷம் என்னோடது. உங்களோடது இல்ல."

நானும் குனிந்து அந்தத் தாளைப் பார்த்தேன். அண்ணியின் குண்டுக் கையெழுத்து. அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், வட்டங்களின் அளவு, தான் எதைப் பார்க்கவில்லை என்பது, எல்லாம் இருந்தது. வண்டி ஏழு அந்த வாசலில் நின்ற நேரமும் இருந்தது. அங்கே அந்த வீட்டு அம்மா என்ன சொன்னார், அதை யார் சொல்லாமல் விட்டார் என்பது மட்டும் இல்லை. அண்ணிக்கு அது தெரியும். அவர் காதில் விழுந்ததே என் விரலுக்கடியில் இருந்துதான். இன்றைக்கு என்னை எதற்குக் கூட்டிவந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது.

"மேடம், அதுல நாலு நிமிஷம் என்னோடது" என்றேன்.

அந்தப் பெண் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன். அந்த வீட்டு அம்மா குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்று சொன்னது, என் காதில் விழுந்தது, நான் அதைச் சொல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, பிறகு ஆஸ்பத்திரியில் வந்து அவர் மேல் பாய்ந்தது எல்லாம். அன்று அப்படிப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அண்ணி தடுக்கவில்லை, எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தாளை மடித்தார். பிறகு திரும்பப் பிரித்து, என்னிடம் நீட்டினார்.

"இதையும் எழுதுங்க."

நான் படியில் உட்கார்ந்து தாளை முழங்காலில் வைத்துக்கொண்டேன். அண்ணி பையில் துழாவிப் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.